பாலைவன ஓடைக்கரையில் மனை வாங்கும் முன்: டூசான் பக்கம் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு

அரிசோனாவில் டூசானுக்குக் குடிவந்த மூன்றாம் வருடம், நகரத்துக்குக் கிழக்கே ஒன்றேகால் ஏக்கர் மனைக்கு முன்பணம் கட்டினோம். மனையின் ஓரத்தில் வெள்ளை மணல் ஓடை ஒன்று போகிறது. பிள்ளைகள் இறங்கி மணல்வீடு கட்டினார்கள். "நான் இங்கே தண்ணீர் வந்து பார்த்ததே இல்லை" என்றார் விற்பவர் தரப்பு ஏஜென்ட். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வந்ததெல்லாம் வெயில் நாளில்.

ஒப்பந்தம் போட்ட 26ஆம் நாள் பின்வாங்கினோம். அதற்குள் இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர் போயிருந்தது. அடுத்து மேட்டில் ஒரு மனை பார்த்தோம். அங்கே வேறு விதமாக மாட்டிக்கொண்டோம். இன்று வீடு நிற்கிறது, ஆனால் நடுவில் ஒன்றரை வருடம் போய்விட்டது. முதல் வாரமே செய்திருக்க வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

இது டூசான் இருக்கும் பிமா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) வெற்று நிலம் வாங்கி வீடு கட்டுபவர்களுக்கானது. அரிசோனாவில் மற்ற கவுண்டிகளில் அலுவலகத்தின் பெயரும் விதியும் கொஞ்சம் மாறும். தெற்கு அரிசோனாவில் நில அமைப்பு பெரும்பாலும் இதேதான். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் நான் சொல்லும் செலவுகளைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் நாலு சொல்

இந்த ஊர்க்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும் சொற்கள் இவை. தெரியாவிட்டால் ஏஜென்ட் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதுதான்.

வாஷ் என்பது வருடத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடந்து, மழை கொட்டினால் சில மணி நேரம் மட்டும் ஓடும் ஓடை. நம் சொல்லில் காட்டாறு. சாந்தா குரூஸ், ரியீட்டோ என்று ஆறு எனப் பெயர் வைத்தவையும் இங்கே பெரும்பாலும் அப்படித்தான்.

வெள்ளச் சமவெளி என்பது ஓடைக்கு இரண்டு பக்கமும் உள்ள தாழ்ந்த தட்டை நிலம். ஓடை நிரம்பினால் தண்ணீர் ஏறுவது இங்கேதான்.

டெரஸ் அல்லது படி என்பது ஒரு காலத்தில் வெள்ளச் சமவெளியாக இருந்து, ஓடை தன் படுகையை ஆழமாக அறுத்துக்கொண்டு கீழே போனதால் மேலே நின்றுவிட்ட நிலம். மாடிப்படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று நாலு இருக்கும். மேலே போகப்போக வயது கூடும். வயது கூடக்கூட மண் மாறும். இந்த வழிகாட்டியில் பாதி இதை வைத்துத்தான் ஓடுகிறது.

கலீச்சி என்பது மண்ணுக்குள் சுண்ணாம்பு இறுகிப் பாறையாகிவிட்ட அடுக்கு. கொங்குப் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்குச் சுக்கான் பாறை என்றால் புரியும். இங்கேயும் அதே சங்கதிதான்.

1. வரைபடங்கள்: ஒரு மாலை நேரம், செலவு இல்லை

மனையின் முகவரி போதாது. வெற்று நிலத்துக்குப் பல சமயம் முகவரியே இருக்காது. கவுண்டி மதிப்பீட்டு அலுவலகம் கொடுத்த பார்சல் எண்ணை (நம் ஊர் சர்வே எண் மாதிரி) ஏஜென்டிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து இணையத்திலேயே நாலு வரைபடம் பார்க்கலாம்.

முதலாவது, அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வெள்ள வரைபடம். இதில் ஏ, ஏஇ, ஏஓ என்று ஏ எழுத்தில் தொடங்கும் பகுதி எல்லாம் அபாயப் பகுதி. எந்த வருடத்திலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ள இடம் என்று அர்த்தம். 'நூறு வருட வெள்ளம்' என்று இதைச் சொல்வதால் நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வர நூற்றுக்கு 26 வாய்ப்பு. ஏஓ என்று இருந்தால் தனியாக ஓடை தெரியாது. ஒன்றிலிருந்து மூன்றடி ஆழத்துக்குத் தண்ணீர் விரித்துப்போட்ட பாய் மாதிரி பரவி ஓடும். நேரில் பார்த்தால் தட்டையான புதர்க்காடாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பிமா கவுண்டி வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டம் என்ற அலுவலகத்தின் வரைபடம். புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கேதான். ஃபெமா எல்லாச் சிற்றோடைகளையும் வரைவதில்லை. பிமா கவுண்டியோ, நூறு வருட வெள்ளத்தில் வினாடிக்கு 100 கன அடி அல்லது அதற்கு மேல் ஓடும் எந்த வாஷையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. மேட்டூர் நீர்வரத்துச் செய்தியில் கேட்கும் அதே கன அடிதான். அந்தக் கணக்கில் 100 ஒன்றுமே இல்லை, வீட்டுக்குப் பின்னால் ஓடும் சின்னப் பள்ளம் கூட இதில் வந்துவிடும். எங்கள் முதல் மனை ஃபெமா வரைபடத்தில் சுத்தமாக இருந்தது, கவுண்டி வரைபடத்தில் பாதி நீலம். டூசான் நகர எல்லை, மரானா, ஓரோ வேலி போன்ற இடங்களில் கவுண்டியை விட்டுவிட்டு அந்தந்த நகராட்சியைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது மத்திய வேளாண் துறையின் மண் வரைபடம். 'வெப் சாயில் சர்வே' என்று தேடினால் வரும். மனையைச் சுற்றிக் கட்டம் போட்டால் மண்ணின் பெயர் வரும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வாலைப் பிடித்தால் போதும். வகைப்பாட்டில் 'டோரிஃப்ளூவென்ட்ஸ்' என்று முடிந்தால் அது வறண்ட நாட்டு ஆற்று வண்டல், இன்னும் அடுக்கு மாறாத இளமண். ஆந்தனி, கிலா, கிரேப் எனும் மண் வகைகள் இப்படிப்பட்டவை. இவை வந்தால் தண்ணீர் அங்கே அண்மைக் காலம் வரை வந்து போயிருக்கிறது. 'ஆர்ஜிட்ஸ்' என்று முடிந்தால் களிமண் அடுக்கு உருவாகும் அளவுக்கு வயதான மேட்டுப்படி. மோஹாவே மண் அந்த ரகம். 'பெட்ரோகால்சிட்ஸ்' என்று முடிந்தால் கீழே கலீச்சிப் பாறை, கேவ் என்ற மண் வகை அதற்கு எடுத்துக்காட்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த வரைபடம் ஐந்தாறு ஏக்கருக்குக் குறைந்த துண்டைத் தனியாகக் காட்டாது. ஒரு ஏக்கர் மனைக்கு இது ஜோசியம் மாதிரி. திசை சொல்லும், முடிவு சொல்லாது.

நாலாவது அரிசோனா நிலவியல் ஆய்வகத்தின் மேற்பரப்பு வரைபடம். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதில் படிகளுக்கு வயது வாரியாக எழுத்துக் குறி இருக்கும். க்யூ-ஒய் என்று தொடங்கினால் இளையது, கடந்த பத்தாயிரம் வருடத்துக்குள் படிந்தது. க்யூ-எம் நடுவயது, க்யூ-ஓ கிழடு. மனை இளையதில் விழுந்தால் அடுத்து வரும் 2, 3ஆம் பகுதிகளை நிதானமாகப் படியுங்கள்.

2. நேரில் போய் நடங்கள்: அரை நாள், ஒரு மண்வெட்டி, ஒரு புட்டி வினிகர்

காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். நிழல் நீளமாக விழும்போதுதான் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாக இருக்கும்.

ஓடையின் நடு மணலில் தொடங்கி, ஓடைக்குக் குறுக்காக, மனை வழியாக மேட்டை நோக்கி நடங்கள். எத்தனை இடத்தில் கால் மேலேறுகிறது என்று எண்ணுங்கள். சில படி ஒரு அடி உயரம்தான் இருக்கும். சில படி ஆளுயரம். ஒவ்வொரு படியிலும் நின்று மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: செடி, கல், மண்.

செடி: ஓடைக் கரையில் மெஸ்கீட், கேட்கிளா, டெசர்ட் வில்லோ என்று உயரமாக, பசுமையாக இருக்கும். மெஸ்கீட் நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி, பார்த்தவுடனே தெரிந்துவிடும். பெரிய மெஸ்கீட் தோப்பு இருந்தால் கீழே ஆழமான வண்டல் இருக்கிறது. மேலே ஏற ஏற மரம் குறைந்து, மழை பெய்தால் மணக்கும் கிரியோசோட் புதர் மட்டும் இடைவெளி விட்டு நிற்கும். அது பெரும்பாலும் பழைய படி. கிளைகளில் மார்பு உயரத்துக்குக் காய்ந்த குச்சியும் புல்லும் சிக்கிக் கிடந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடத் துல்லியமான வெள்ள அளவுகோல் கிடையாது.

கல்: இளைய தரையில் கற்கள் வெளிறி, உரசிய பளபளப்போடு, வெள்ளம் எப்படிப் போட்டதோ அப்படியே குவியலும் குழியுமாகக் கிடக்கும். காலம் போகப்போக அந்தக் குவியல் மட்டமாகிவிடும். பழைய படியில் கற்கள் ஒன்றோடொன்று நெருங்கி, தளவரிசை போட்ட மாதிரி தரையை மூடியிருக்கும். மேல்முகம் பழுப்பும் கறுப்புமாக மெருகேறியிருக்கும். ஒரு கல்லைப் பெயர்த்து அடியில் பாருங்கள். பழையதென்றால் அடிப்பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியிருக்கும். நன்றாகப் பூசியிருந்தால் அந்தக் கல் அங்கே பல்லாயிரம் வருடம் அசையாமல் கிடந்திருக்கிறது. பூச்சு மேல்பக்கம் இருந்தால் யாரோ புரட்டியிருக்கிறார்கள், அல்லது தண்ணீர் புரட்டியிருக்கிறது.

மண்: முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி போதும். அதைவிட நல்லது, ஓடை அறுத்துவிட்ட கரையின் பக்கச் சுவரைப் பார்ப்பது. நான் முதல் மனையின் கரைச் சுவரை வீடியோ கால் போட்டு ஈரோட்டில் இருக்கும் அப்பாவுக்குக் காட்டினேன், சும்மா ஊர்ப்பெருமைக்கு. அவர் பார்த்த மாத்திரத்தில், "ஏன் கண்ணு, இது பள்ளத்துப் பூமியாட்ட இருக்குது. தண்ணி வந்து போன மண்ணுதான் இப்பிடி ஏடு ஏடா இருக்கும்" என்றார். மணல், அதன்மேல் நுண்வண்டல், அப்புறம் மறுபடி மணல், நடுவில் கரித்துண்டு ஒரு வரிசை. ஒவ்வொரு ஏடும் ஒரு வெள்ளம். நான் அதுவரை காசு கொடுத்து வாங்கிய எந்த அறிக்கையும் அதை அவ்வளவு நேராகச் சொல்லவில்லை.

ஏடு கலைந்து, மண் செம்பழுப்பாகி, ஈரப்படுத்தி உருட்டினால் விரலில் நாடா மாதிரி நீள்கிற களிமண் அடுக்கு இருந்தால் நிம்மதி. அந்தச் சிவப்புக் களி அடுக்கு இந்தப் பாலைவனத்தில் உருவாகப் பத்தாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு காலமாக வெள்ளம் அங்கே புது மண் போடவில்லை என்று பொருள். பிறகு வினிகரை ஊற்றுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு. வினிகரில் பொங்கல் மெலிதாகத்தான் இருக்கும், காதை அருகில் வைத்தால் சீறுவது கேட்கும். மேலிருந்து அடி வரை லேசாகப் பொங்கினால் அது இளைய வண்டலாகவும் இருக்கலாம், ஏனென்றால் இங்கே தூசியிலேயே சுண்ணாம்பு உண்டு. வெள்ளை முடிச்சாக, அல்லது பலகையாகத் திரண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று: இளைய படியின் நுண்வண்டல் கட்டியை உடைத்துப் பாருங்கள். குண்டூசித் துளைகள் நிறைய இருந்து, காய்ந்திருக்கும்போது கல் மாதிரி கெட்டியாகவும் தண்ணீரில் போட்டால் நொடியில் கரைவதாகவும் இருந்தால் கவனம். நனைந்தால் அமுங்கும் மண்ணாக இருக்கலாம். பாலைவனத்தில் அது நனைந்ததே இல்லை. நீங்கள் வீடு கட்டி, தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட்ட பிறகுதான் முதல்முறை முழுசாக நனையும், சுவரும் அப்போதுதான் விரியும்.

3. கரை நகரும் என்பதை மறக்காதீர்கள்

வெள்ளம் என்றால் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுவது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இங்கே பெரிய சேதம் பக்கவாட்டில் வரும். 1983 அக்டோபரில் டூசானில் சாந்தா குரூஸ் ஆறு வினாடிக்கு 52,700 கன அடி ஓடியது. வெள்ளம் மூழ்கடித்ததைவிடக் கரை அறுத்துக்கொண்டு போனதுதான் அதிகம். ரியீட்டோ கரையில் வெள்ளமட்டத்துக்கு மேலே உலர்ந்து நின்ற கட்டடங்கள், கீழே மண் போனதால் ஆற்றுக்குள் சரிந்தன. அதற்குப் பிறகுதான் பெரிய ஆறுகளின் கரைகளில் சிமெண்ட் கலந்த மண்ணால் பரவலாகச் சரிவுச் சுவர் கட்டினார்கள். சின்ன வாஷ்களுக்குப் பெரும்பாலும் அது கிடையாது.

ஆகவே "மனை ஓடையைவிட எட்டு அடி உயரம்" என்று யாராவது சொன்னால், அந்த எட்டு அடி எதனால் ஆனது என்று கேளுங்கள். மணலும் வண்டலும் என்றால் அது உயரமே தவிர பாதுகாப்பு இல்லை. செங்குத்தான, புதிதாக உடைந்த கரை, வேர் தொங்கும் மரம், ஓடையின் வளைவில் வெளிப்பக்கம், இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே நான் காரைத் திருப்பிவிடுவேன்.

கவுண்டி இதற்காக அரிப்பு விலகல் தூரம் என்று ஒன்று வைத்திருக்கிறது. ஓடையின் அளவைப் பொறுத்து, சிற்றோடைக்குச் சில பத்து அடி, சாந்தா குரூஸ் போன்றவற்றுக்குச் சில நூறு அடி. அந்தத் தூரத்துக்குள் வீடு கட்டப் பொறியாளரின் ஆய்வும் கரைப் பாதுகாப்பும் கேட்பார்கள். முதல் மனையில் எங்களைக் கவிழ்த்தது இதுதான். வெள்ளப் பகுதி, விலகல் தூரம், சாலையோர இடைவெளி மூன்றையும் கழித்தால் ஒன்றேகால் ஏக்கரில் வீடு வைக்க மிஞ்சியது ஒரு பேட்மிண்டன் மைதானம் அளவு. கவுண்டி அலுவலகத்தில் பார்சல் எண்ணைக் கொடுத்து, வெள்ளப் பகுதியும் விலகல் தூரமும் எங்கே வருகின்றன என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது.

4. ஒப்பந்தமும் ஆவணங்களும்: நாள்களை எண்ணுங்கள்

அரிசோனாவில் வெற்று நிலத்துக்கான வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில் ஆய்வுக்காலம் 30 நாள் என்று இருக்கும். அதற்குள் பின்வாங்கினால் முன்பணம் திரும்பும். ஒரு நாள் தாண்டினால் சண்டைதான். மழைக்காலத்தில் பொறியாளர்களும் குழி தோண்டுபவர்களும் கிடைப்பது கஷ்டம், அதனால் 45 அல்லது 60 நாள் என்று முதலிலேயே மாற்றிக் கேளுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

கேட்டு வாங்க வேண்டியவை:

- வெளிப்படுத்தல் உறுதிமொழி. நகராட்சி எல்லைக்கு வெளியே, முறையான லேஅவுட்டில் சேராத ஐந்து அல்லது அதற்குக் குறைந்த மனைகளை விற்பவர் இதைச் சட்டப்படி தந்தாக வேண்டும். பத்திரம் மாறுவதற்குக் குறைந்தது 7 நாள் முன்பு தர வேண்டும். கைக்கு வந்ததிலிருந்து 5 நாளுக்குள் நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். மனை ஃபெமா வெள்ளப் பகுதியில் இருக்கிறதா, வண்டி போக சட்டப்படியான பாதை உண்டா, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கவனியுங்கள், கேள்வி ஃபெமா பகுதியைப் பற்றி. கவுண்டி மட்டும் வரைந்த வாஷ் இதில் வராமலே போகலாம்.
- விற்பவரின் சொத்து வெளிப்படுத்தல் படிவம். 'தெரியாது' என்று டிக் போட்ட இடங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள்.
- நில உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனத்தின் முன்னறிக்கை. வடிகால் உரிமை, பாதை உரிமை எல்லாம் இதன் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும்.
- முன்பு யாராவது இந்த மனையில் பெர்மிட் கேட்டு நிராகரிக்கப்பட்டிருந்தால் அதன் நகல். கவுண்டியில் கேட்டால் கிடைக்கும். நாங்கள் கேட்டபோது, எட்டு வருடத்துக்கு முன் ஒருவர் கேட்டு விட்டுப்போன கோப்பே கிடைத்தது. எங்கள் தலைவலி முழுக்க அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

5. குழி தோண்டிப் பார்ப்பது: ஒரு நாள் வேலை, பல வாரக் காத்திருப்பு

கழிவுநீர்க் குழாய் இல்லாத இடம் என்றால் செப்டிக் தொட்டிதான். அதற்கு மண் ஆய்வு கட்டாயம். இங்கேதான் மேட்டு மனை பழிவாங்கும்.

முதலில் 811க்கு அழையுங்கள். தோண்டுவதற்கு முன் இரண்டு முழு வேலைநாள் அவகாசம் கொடுக்க வேண்டும். நிலத்தடிக் குழாய், கேபிளை வந்து இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் பேக்ஹோ (மண் தோண்டும் இயந்திரம்) ஒன்று வாடகைக்குப் பிடித்து, உரிமம் பெற்ற மண் ஆய்வாளரோ பொறியாளரோ நிற்கும்போதே குழி வெட்டுங்கள். அவர் இல்லாமல் வெட்டிய குழியைக் கவுண்டி கணக்கில் எடுக்காது. நாங்கள் அந்தத் தப்பையும் செய்தோம்.

குழிக்குள் நீங்களும் பாருங்கள். ஆழக் குழியில் இறங்காதீர்கள், வண்டல் சுவர் சரியும். மேலிருந்தே தெரியும். எங்கள் இரண்டாம் மனையில் இரண்டடி செம்மண், அதற்குக் கீழே வெள்ளையாகக் கலீச்சி. பேக்ஹோவின் பல் பட்டதும் கருங்கல்லில் பட்ட மாதிரி கிறீச்சிட்டது. கலீச்சியில் படிநிலை உண்டு. கல்லுக்கடியில் பூச்சு மட்டும் என்றால் ஒன்றும் பயமில்லை. முடிச்சு முடிச்சாக இருந்தாலும் தோண்டிவிடலாம். மேலே ஏடு படிந்த மாதிரி வழவழப்பான தகடு இருந்தால்தான் வம்பு. அது தண்ணீரை இறக்காது. தொட்டித் தண்ணீரை மண்ணில் இறக்கும் சாதாரண செப்டிக் வயல் அங்கே தேறாது, மாற்று முறை கேட்பார்கள். செலவு இரண்டு மடங்குக்கு மேல் போகும். எங்களுக்குப் போனது. வீட்டின் கடைக்காலுக்குக் கலீச்சி நல்லதுதான், மரம் வைக்க ஆகாது. உடைத்துத் துளை போடாவிட்டால் எலுமிச்சை வேர் தண்ணீரில் நின்று அழுகும்.

தாழ்ந்த நிலத்தில் நேர்மாறு. பருமணல் என்றால் தண்ணீர் வெகுவேகமாக இறங்கிவிடும். சுத்திகரிக்க நேரமில்லை என்று அதையும் தடுப்பார்கள். நடுப்படியில் கிடைக்கும் மணல் கலந்த வண்டல்தான் செப்டிக்குக்குத் தங்கம். வெள்ளமும் ஏறாமல், கலீச்சியும் இறுகாமல் இருக்கும் அந்த நடுப்படியை நான் இப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தேடுவேன். ஆனால் அமுங்கும் மண் அங்கேயும் இருக்கலாம். அதனால் கடைக்காலுக்குத் தனி மண் பொறியியல் அறிக்கை எடுங்கள். சில ஆயிரம் டாலர் ஆகும், கஞ்சத்தனம் வேண்டாம்.

தோண்டும் நாளில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பள்ளத்தாக்குக் காய்ச்சல். இந்த மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை, தூசியோடு நுரையீரலுக்குள் போய் வருவது. என்95 முகமூடி போடுங்கள், தரையை நனைத்துவிட்டுத் தோண்டச் சொல்லுங்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். இரண்டு, எலும்போ பானை ஓடோ கிடைத்தால். இந்த ஆற்றுப்படிகளில் மூவாயிரம் வருடத்துக்கு மேலாக மக்கள் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்திருக்கிறார்கள். மனித எலும்பு தெரிந்தால், சொந்த நிலமானாலும், வேலையை நிறுத்தி அரிசோனா மாநில அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

6. பெர்மிட், உயரச் சான்றிதழ், காப்பீடு

மனையின் எந்தப் பகுதியாவது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வெள்ளப் பகுதியில் இருந்து, அங்கே நீங்கள் எதையாவது கட்டப்போனால் வெள்ளப் பகுதிப் பயன்பாட்டு அனுமதி வேண்டும். வீடு மட்டுமல்ல, சுற்றுச்சுவர், மண் நிரப்பல், வாஷுக்குக் குறுக்கே வண்டிப்பாதை எல்லாமே இதில் வரும். கம்பிவேலி போட்டாலே கேட்பார்கள், குப்பை சிக்கி அணையாகிவிடும் என்று. வீட்டுத் தளம் வெள்ளமட்டத்தைவிடக் குறைந்தது ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். அதை நிரூபிப்பது உரிமம் பெற்ற அளவையாளர் தரும் உயரச் சான்றிதழ், சில நூறு டாலர். எங்களுக்கு அனுமதி வர ஐந்து வாரம் ஆனது. இரண்டு முறை திருத்தம் கேட்டார்கள்.

மனையின் இயற்கையான தரையே வெள்ளமட்டத்துக்கு மேலே இருந்தும் ஃபெமா வரைபடம் தப்பாக அபாயப் பகுதியில் காட்டினால், வரைபடத் திருத்தக் கடிதம் கேட்கலாம். ஃபெமா இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அளவையாளருக்குத்தான் காசு. எல்லாத் தகவலும் கொடுத்த பின் 60 நாள் வரை ஆகலாம், ஆகவே இதை நம்பி 30 நாள் ஆய்வுக்காலத்தில் இறங்காதீர்கள். மண்ணைக் கொட்டி உயர்த்திய தரைக்கு வேறு விண்ணப்பம், அதற்குக் கட்டணம் உண்டு.

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. ஃபெமா அபாயப் பகுதியில் உள்ள வீட்டுக்கு வங்கிக் கடன் வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000. கடனோடு சேர்த்து எடுக்காமல் நீங்களாக எடுத்தால் 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். ஜூலையில் மேகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் எடுத்துப் பயனில்லை.

7. பாதையும் கிணறும்

வீடு மேட்டில் பத்திரமாக இருந்து, சாலை வாஷுக்குள் இறங்கி ஏறினால்? இங்கே பல சாலைகளுக்குப் பாலமே இல்லை. 'வெள்ளம் வரும்போது நுழையாதே' என்று பலகை மட்டும் இருக்கும். தடுப்பைச் சுற்றிக்கொண்டு காரை விட்டுச் சிக்கினால் மீட்புச் செலவை, 2,000 டாலர் வரை, உங்களிடம் வாங்கலாம். மக்கள் இதற்கு 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மனையிலிருந்து பள்ளிக்கூடம் வரை எத்தனை இடத்தில் வாஷ் குறுக்கிடுகிறது என்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிணறு என்றால் மாநில நீர்வளத் துறைக்கு முன்னறிவிப்பு கொடுத்த பிறகே துளை போட முடியும். நிமிடத்துக்கு 35 காலனுக்கு மேல் போகாத வீட்டுக் கிணற்றுக்கு விதி எளிது. நகராட்சிக் குழாய் 100 அடிக்குள் போனால் பெரும்பாலும் கிணறு தரமாட்டார்கள். குழாய் இருந்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள்.

8. எந்த மாதம் தொடங்குவது

வானிலைத் துறைக் கணக்கில் இங்கே பருவமழை ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. நான் மறுபடி தொடங்குவதாக இருந்தால் ஏப்ரலில் வரைபடம் பார்ப்பேன், மே மாதம் நடப்பேன், பிடித்த மனையை ஆகஸ்ட் வரை தள்ளிப்போட்டு, ஒரு நல்ல மழை அடித்த மறுநாள் காலை திரும்பப் போவேன். நுரை காய்ந்த கோடு, புதிதாகப் படிந்து வெடித்த வண்டல் ஓடு, இடம் மாறிய மணல் திட்டு, எல்லாம் இரண்டு நாள் வரை புத்தம் புதிதாகத் தெரியும். அப்புறம் காற்று அழித்துவிடும். செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டால் குளிர்காலத்தில் தோண்டும் வேலை, வெயிலும் இல்லை, ஆளும் கிடைப்பார்கள்.

எங்கள் முதல் மனை இன்னும் விற்பனைக்கு இருக்கிறது. போன ஆகஸ்டில் ஒரு மழைக்கு மறுநாள் அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். பிள்ளைகள் மணல்வீடு கட்டிய இடம் இரண்டடி பள்ளமாகியிருந்தது. விற்பனைப் பலகையின் ஒரு கால் கரை விளிம்பில் அந்தரத்தில் நின்றது.